சுவிட்ச் நூற்றுப் பதினைந்தில் இருந்தது

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் என் சொந்தக் கம்ப்யூட்டர் செத்துப்போனதுதான். அதை மறைத்து, ஏதோ பெரிய சமூக அக்கறையால் எழுத உட்கார்ந்தேன் என்று சொன்னால் பொய்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் யாக்கோபுவின் ரிப்பேர் கடை. என் பெட்டியைத் திறந்தவர் மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்தார்.

"எஸ்எம்பிஎஸ் பூட்ச்சி சார். கரண்ட்ட பிரிச்சிக் குடுக்கிற டப்பா. இதே வாசனையோட ஒரு பொண்ணு, கம்ப்யூட்டர கொழந்த மாரி மடில வெச்சிக்கினு, பைக்லருந்து எறங்கிச்சி சார். அது பெரிய கதை."

ஒரு மணி நேரம் சொன்னார். பிறகு அந்தப் பெண்ணையும் தேடிப் பிடித்துக் கேட்டேன். இருவர் சொன்னதும் பல இடங்களில் ஒட்டவில்லை. ஒட்டாத இடங்களில் அவள் சொன்னதையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். (அது சரிதானா என்பது போகப் போக எனக்கே சந்தேகமாகிவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: "ஒரகடத்தின் தொழிற்சாலைக் கூரைகள்மீது பொன்னிற விடியல் படர்ந்த வேளையில்"

விட்டுவிட்டேன். ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ்ஸில் போகிறவர் யாரும் விடியலைப் பார்ப்பதில்லை. ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து, வாய் திறந்து தூங்குகிறார்கள்.

இரண்டாம் தொடக்கம்: "எழிலரசி நேர்மையான பெண்."

இது இன்னும் மோசம். இப்படித் தொடங்கும் ஆள் எதையோ மறைக்கப் பார்க்கிறான் என்று வாசகருக்கு உடனே தெரிந்துவிடும்.

ஆகவே வெடித்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

3

செவ்வாய்க்கிழமை காலை ஆறு பத்து. எழிலரசி சோதனை அறைக்குள் போய், சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டாள். மேசைக்கு அடியில் பட்டென்று ஒரு சத்தம். கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கத்திலிருந்து நூலாய்ப் புகை. கருகிய பிளாஸ்டிக்கோடு மீன் தீய்ந்தது போலவும் ஒரு வாடை.

எழிலரசிக்கு முப்பத்து நான்கு வயது. வல்லம் பக்கத்துக் கிராமம். ஒன்பது வருடமாக இதே தொழிற்சாலையில், இன்னும் கான்ட்ராக்டில்தான் இருக்கிறாள். அங்கே வண்டிகளுக்கான பிரேக் குழாய் செய்கிறார்கள். ஒவ்வொரு குழாயிலும் காற்றை அழுத்தி நிரப்பி, அது ஒழுகுகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. ஒழுகினால் கம்ப்யூட்டர் திரையில் அந்தக் குழாயின் எண் உள்ள வரி சிவப்பாகும். அந்தக் கம்ப்யூட்டர், கம்பெனி தொடங்கிய காலத்தது. வெள்ளையாக வந்தது, இப்போது பல்கறை நிறம். சோதனை இயந்திரத்தை அதோடு இணைக்கும் கார்டு வேறெந்தக் கம்ப்யூட்டரிலும் உட்காராததால், அதற்கு ஓய்வு கொடுக்க யாராலும் முடியவில்லை.

முந்தைய நாள், திங்கட்கிழமை, நானூறு குழாய்களைச் சோதித்திருந்தாள். இருபத்து மூன்று சிவப்பு. ஐந்துக்கு மேல் போனால் அந்த நானூறையும் நிறுத்திவைக்க வேண்டும் என்பது விதி. சூப்பர்வைசர் ராஜசேகரிடம் சொன்னாள்.

"மிஷின்ல ரப்பர் ரிங்கு தேஞ்சிருக்கும்மா. அதான் லீக் காட்டுது. நாளிக்குப் பாத்துக்கலாம், வுடு" என்றார் அவர்.

இரண்டு மணிக்குச் சுவர் சுவிட்சை அணைத்து, அறையைப் பூட்டிவிட்டு அவள் போய்விட்டாள். செவ்வாய் மதியம் இரண்டு மணிக்கு லாரி. சோதனை அறிக்கையில் அவள் கையெழுத்து இல்லாமல் சரக்கு நகராது. அந்த இருபத்து மூன்று சிவப்பு வரிகள் இருந்த ஒரே இடம், இப்போது புகைந்துகொண்டிருந்த பெட்டி.

அறைக்கு மூன்று சாவி. ஒன்று அவளிடம், ஒன்று ராஜசேகரிடம், இன்னொன்று மெயின்டெனன்ஸ் டெக்னீஷியன் இசக்கிபாண்டியிடம்.

4

இசக்கிபாண்டி கோவில்பட்டிப் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் ஐந்து பேரோடு ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறான். பேச்சு குறைவு. வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வியே எழிலரசிக்கு உறுத்தியது.

"அக்கா, முன்னாடி உள்ள பட்டன அமுக்குனியளா? இல்ல அதுக்கு முந்தியே வெடிச்சிட்டா?"

"செவுத்து சுவிட்ச போட்டேன், அவ்ளோதான். பட்டன்கிட்ட கையே போவல."

அவன் சுவர் சுவிட்சைத் திரும்பிப் பார்த்தான். பிறகு வேலையைத் தொடங்கினான். டெஸ்டரை வைத்துச் சுவர்ப் பிளக்கில் கரண்ட் பார்த்தான், இருந்தது. கேபிளை மாற்றிப் பார்த்தான், பலனில்லை. பெட்டியைத் திறந்தான். உள்ளே தூசி பஞ்சுபோல் படிந்திருந்தது. அகலமான வயர்க் கொத்தை போர்டிலிருந்து கழற்றி, அவள் ஃபைலிலிருந்து ஒரு கிளிப்பை உருவி வளைத்து, பச்சை வயர் ஓட்டையையும் கறுப்பு வயர் ஓட்டையையும் இணைத்தான்.

"இப்ப டப்பாக்குள்ள இருக்க காத்தாடி சுத்தணும்க்கா."

சுற்றவில்லை.

"எஸ்எம்பிஎஸ்தான் போயிருக்கு. மத்தது பொழச்சிருக்கலாம்."

(இதைப் படித்துவிட்டு வீட்டில் யாரும் கிளிப்பை எடுக்க வேண்டாம். நான் செய்துபார்க்கலாமா என்று கேட்டதற்கு யாக்கோபு என் கையிலேயே தட்டினார்.)

வாசலில் ராஜசேகர் வந்து நின்றார். வாலாஜாபாத்துக்காரர், ஐம்பதை நெருங்குகிறவர். குரலை உயர்த்தாமலேயே வேலை வாங்கத் தெரிந்தவர்.

"பூட்ச்சா? சரி. பதினோரு மணிக்கு ஸ்கிராப் வண்டி வருது, அதுல ஏத்தி வுட்ரு. புதுசா எதுனா பண்ணச் சொல்லலாம். எழிலு, நீ கையால ஃபார்ம ஃபில் பண்ணி ஓகே போட்டு ஒரு கையெழுத்து போட்டுடு."

"இருபத்திமூணு லீக் சார்."

"எங்க கீது? காட்டு."

அவர் அதட்டவில்லை. நிஜமாகவே காட்டச் சொன்னது போலத்தான் கேட்டார். அவள் கருகிய பெட்டியைப் பார்த்தாள். அதோடு நிறுத்தாமல் இன்னொன்றும் கேட்டார்:

"கடைசியா ஆன் பண்ணது நீதானம்மா?"

கான்ட்ராக்ட் ஆளை வீட்டுக்கு அனுப்ப அந்த ஒரு வரி போதும்.

அந்த நேரம் இசக்கிபாண்டி நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி, எஸ்எம்பிஎஸ்ஸை வெளியே எடுத்தான். அதன் முதுகில் எதையோ பார்த்தான். உடனே அவனுடைய கட்டைவிரல் நகர்ந்து அந்த இடத்தை மூடிக்கொண்டது.

5

இந்தக் கட்டைவிரலில்தான் நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். யாக்கோபு சொன்ன கதையில் அது இல்லை, அவர் அங்கே இருக்கவும் இல்லை. எழிலரசி மட்டுமே சொல்கிறாள். ஒருவன் கனமான டப்பாவைப் பிடிக்கும்போது விரல் எங்கேயாவது இருக்கத்தானே செய்யும்? பயந்துபோயிருந்த ஒரு பெண்ணின் கண்ணை நம்பி முழுக் கதையையும் தொங்கவிடலாமா?

அடித்தேன். மறுபடி எழுதினேன். அவள் அந்த விரலை எனக்கு நடித்துக் காட்டிய விதம் நினைவுக்கு வந்ததால் விட்டுவைத்திருக்கிறேன். நீங்கள் நம்பாமல் போனாலும் தவறில்லை.

6

"இன்னா தம்பி பாத்த?" என்று கேட்டாள்.

"தூசிக்கா."

அப்போதே அவள் முடிவு செய்தாள். ராஜசேகரிடம் போய், "சார், கையால எழுதின ரிப்போர்ட்ட கஸ்டமர் ஒத்துக்க மாட்டான். ஸ்ரீபெரும்புதூர்ல கடை கீது, பத்து மணிக்குத்தான் தொறப்பாங்க. மாத்திட்டு வந்துர்றோம்" என்றாள்.

"அதுக்கு நீ எதுக்கு? பாண்டி போவட்டும். டப்பாவ மட்டும் எட்துகினு போனா போதும்."

"பொருத்திப் பாத்தாத்தான் சார் தெரியும். பெட்டியோட போவணும். பைக்ல யார்னா புடிச்சிக்கினு உக்காரணும் இல்ல?"

பெட்டியை அவரோடு விட்டுப் போகவும் பயம், இசக்கிபாண்டியோடு தனியாக அனுப்பவும் பயம். அதைச் சொல்லவா முடியும்? ராஜசேகர் கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கேட் பாஸில் கையெழுத்துப் போட்டார்.

"ஒண்ணரைக்குள்ள வந்துடணும்."

(இங்கே என் சந்தேகம் தடுமாறுகிறது. தப்பு செய்தவர் கேட் பாஸ் கொடுப்பாரா? கொடுக்காவிட்டால் சந்தேகம் வருமே என்றும் கொடுத்திருக்கலாம். இப்படி யோசித்தால் எந்த மனிதரும் தேறமாட்டார். தெரிந்தும் யோசிக்கிறேன்.)

பைக்கில் பின்னால் உட்கார்ந்து, மடியில் பெட்டியை அணைத்துக்கொண்டாள். கார் ஏற்றிய நீளமான டிரெய்லர்கள் உரசுவதுபோல் கடந்தன. ஹெல்மெட்டுக்குள் இருந்த இசக்கிபாண்டியின் தலை ஒருமுறைகூடத் திரும்பவில்லை. ஆள் குறைவென்று திங்கட்கிழமை செகண்ட் ஷிப்டிலும் இவன்தான் டூட்டி பார்த்தான் என்பது பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்தது. பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். தகட்டின் விளிம்பு முன்கையில் பதிந்து, சிவப்பாகக் கோடு விழுந்தது.

7

யாக்கோபு டப்பாவை வாங்கித் திருப்பினார்.

"இன்னாபா இது? நூத்திப்பதினஞ்சுல தள்ளி வெச்சிக்கீறீங்க?"

எஸ்எம்பிஎஸ்ஸின் முதுகில், நகம் அளவு சிவப்பு சுவிட்ச். அதன்மேல் 115 என்று தெரிந்தது.

"வெளிநாட்ல சில ஊர்ல நூத்திப்பத்து வோல்ட்டு, நம்மூர்ல இருநூத்தி முப்பது. ரெண்டுக்கும் சேத்து ஒரே டப்பா செஞ்சானுங்க அந்தக் காலத்துல. இத இப்பிடித் தள்ளி வெச்சிட்டு நம்ம கரண்ட்ட குடுத்தா, முன்னாடி பட்டன அமுக்கறதுக்கு முந்தியே பட்டாசுதான்."

"தானா நவுராதாண்ணே?" என்றாள் எழிலரசி. "தொடைக்கச் சொல்ல, துணி பட்டு?"

"பள்ளத்துக்குள்ள கீது பாரு. ஸ்க்ரூட்ரைவர் முனைய வெச்சித்தான் தள்ளணும். கர்த்தர் சாட்சியா சொல்றேன், இது யாரோ செஞ்ச வேல."

அவள் இசக்கிபாண்டியின் பக்கம் திரும்பினாள்.

"நீ பாத்த."

"பாத்தேன்."

"கட்டவிரல வெச்சி மூடிக்கின."

அவன் கையிலிருந்த ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நீங்கதான்னு நெனச்சேன்க்கா."

"நானா?"

"பொய்க் கையெழுத்து போடவும் முடியாம, மாட்டேன்னு சொல்லவும் முடியாம, கம்ப்யூட்டரயே கொன்னுட்டியன்னு நெனச்சேன். சுவத்து சுவிட்ச போட்டதுமே வெடிச்சிட்டுன்னு சொன்னியல்லா, அப்பமே எனக்கு டவுட்டு. சார் அதப் பாத்திருந்தா ஒங்கள அப்பமே வெளிய அனுப்பியிருப்பாவ. அதான் மறைச்சேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே ஒன்று உறைத்தது: ஒன்பது வருடத்தில் அந்தத் தொழிற்சாலையில் அவளுக்காக ஒருவர் எதையாவது மறைத்தது இதுதான் முதல் தடவை. ஆனால் அதற்குப் பின்னாலேயே இன்னொரு நினைப்பும் வந்தது. இவ்வளவு அழகான பதிலைத் தயார் செய்ய, பைக் ஓட்டிவந்த நேரம் போதாதா?

"நான் உன்னத்தான் நெனச்சேன்" என்றாள்.

"என்னையா? நான் ஏன்க்கா செய்யப் போறேன்?"

அதற்குள் யாக்கோபு ஒரு புது எஸ்எம்பிஎஸ் பெட்டியை நீட்டினார். அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"இன்னாண்ணே, கனமே இல்லியே? பழசு செங்கல்லு மாரி இருந்திச்சி. இது டூப்ளிகேட்டா?"

யாக்கோபு அவளை ஒரு முறை பார்த்தார். உள்ளே போய், வேறொன்றை எடுத்துவந்தார். அது கனத்தது. (இந்தப் பகுதியையும், அதற்கு முன் நடந்த கட்டைவிரல் பேச்சையும் அவர் என்னிடம் சொல்லவில்லை. எனக்கு மாட்டிய எஸ்எம்பிஎஸ் கனமா லேசா என்று நானும் பார்க்கவில்லை.)

புதியதன் பிளக்கில் இருபத்து நான்கு ஓட்டை, பழைய போர்டில் இருபது ஊசி. யாக்கோபு பிளக்கின் ஓரத்து நான்கை மட்டும் தனியாகப் பிரித்து ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை அழுத்தினார். க்ளிக் என்று உட்கார்ந்தது. போர்டில் வீங்கிப்போன பாகம் ஏதும் உண்டா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கரண்ட் கொடுத்தார்.

காற்றாடி சுற்றியது. ஒரு பீப். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. அந்தப் பழைய கம்ப்யூட்டர் எழுந்து வர நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டது. எழிலரசி திங்கட்கிழமை ஃபைலைத் திறந்தாள்.

இருந்தது. இருபத்து மூன்று வரி சிவப்பு.

"பிரிண்ட் போடுங்கண்ணே. ரெண்டு."

"வேணாம்க்கா" என்றான் இசக்கிபாண்டி. "கம்பெனி டேட்டாவ வெளிய எடுத்தா அதுக்கே தூக்கிருவாவ."

"போடுங்கண்ணே."

8

ஒன்றேகால் மணிக்கு உள்ளே போனார்கள். லோடிங் மேடையில் லாரியின் பின்கதவு திறந்திருந்தது. அந்த நானூறு குழாய்களும் அட்டைப் பெட்டிகளாக ஏற்கெனவே ஏறியிருந்தன. அவள் கையெழுத்துக்கு யாரும் காத்திருக்கவில்லை என்பதை அதைப் பார்த்ததும்தான் புரிந்துகொண்டாள்.

ராஜசேகர் வந்தார். "வேல செய்யுதா?"

"செய்யுது சார்."

"பழசு எங்க?"

(இதை எழுதியபோது பிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். பிறகு விசாரித்தேன். பழுதான பாகத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் ஸ்டோரில் புதியதற்குக் கணக்கு முடிப்பார்களாம். எந்த சூப்பர்வைசரும் அதைத்தான் முதலில் கேட்பாராம்.)

"கடையிலயே வுட்டுட்டோம் சார்" என்றாள். அது அவள் சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் இருந்தது. இசக்கிபாண்டி கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு சோதனை அறைக்கு நடந்தான்.

அவள் பிரிண்ட்டை நீட்டினாள். "நேத்து எங்க கீது காட்டுன்னு கேட்டீங்க இல்ல..." நேற்றில்லை, இன்று காலைதான். அவளுக்கே நாள் குழம்பியிருந்தது. "இருபத்திமூணு சார். பிரேக்கு சார் இது. எவனோ ஒருத்தன் கொழந்தைய முன்னாடி உக்கார வெச்சிக்கினு போவான். நான் கையெழுத்து போட மாட்டேன்."

அழுகை வந்துவிட்டது. அழாமல் உறுதியாகப் பேசினாள் என்று எழுதியிருந்தேன். "இல்ல சார், அழுதுட்டேன்" என்று அவளே திருத்தினாள்.

ராஜசேகர் அந்தத் தாளை மேலிருந்து கீழே வரை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மூன்று வருடமாக இந்தக் கம்ப்யூட்டரை மாற்றச் சொல்லி மேலே எழுதிக்கொண்டிருப்பதாக, யாரிடமோ சொல்வதுபோல் முணுமுணுத்தார். பிறகு லாரியை நோக்கிக் கத்தினார். அவர் கத்தி அன்றுதான் அவள் கேட்டாள்.

"அந்த நானூற எறக்குங்கடா!"

9

முடிவுகள்.

முதல் முடிவு: அன்று மாலை எழிலரசி ராஜசேகரின் மேசை டிராயரில் ஒரு சின்ன ஸ்க்ரூட்ரைவரைப் பார்க்கிறாள். அதன் முனையில் சிவப்புப் பிளாஸ்டிக் துகள்

இல்லை. அங்கே எல்லா டிராயரிலும் ஸ்க்ரூட்ரைவர் உண்டு.

இரண்டாம் முடிவு: ஒரு மாதம் கழித்து இசக்கிபாண்டி வேலையை விட்டு இருங்காட்டுக்கோட்டையிலேயே வேறு கம்பெனிக்குப் போகிறான். போவதற்கு முன், திங்கட்கிழமை தன்னை யார் அனுப்பினார் என்று

அவன் வேலையை விட்டது உண்மை. அறைக்கு நடந்துபோகும் தூரம் என்பதால் போனான் என்கிறார்கள். நம்பலாம். நம்பாமலும் இருக்கலாம்.

மூன்றாம் முடிவை எழுத எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் போய்க் கேட்டேன். ஒரகடம் கூட்டு ரோட்டில், ஷிப்ட் முடிந்து பஸ் வருவதற்குள் இருந்த நேரத்தில்.

"நீங்களே செய்யலையே?"

எழிலரசி என்னை நேராகப் பார்த்தாள். கோபப்படவில்லை. மறுக்கவும் இல்லை.

"உங்களுக்கு ஒரு பேரு வேணும், இல்ல சார்?"

"கதைக்கு வேணும்."

"நீங்க எந்தப் பேர எழுதினாலும், அந்த ஆளு நாளிக்கு கார்த்தால ஷிப்டுக்குப் போவணும் சார். என் பேரா இருந்தா நான் போவணும்."

பஸ் வந்தது. ஏறப் போனவள் படியில் நின்று, "அன்னிக்கு சாயங்காலம் நடந்தத மட்டும் எழுதிக்குங்க. அது நான் கண்ணால பாத்தது" என்றாள். அதற்கு முன்பே எனக்குச் சொல்லியிருந்ததுதான் அது.

10

பிரிண்ட்டில் இருந்த எண்களை வைத்து ஒழுகிய குழாய்களைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றை அப்படியே குப்பையில் போடக் கூடாது. யாராவது எடுத்து மறுபடி கலந்துவிடுவார்கள். ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டிவிட வேண்டும். ராஜசேகர் எழிலரசியையே வெட்டச் சொன்னார். ஷிப்ட் முடிந்தும் அவள் நின்றாள்.

சிவப்புத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெட்டத் தொடங்கினாள். ரப்பருக்குள் பின்னல் நூல் இருப்பதால் சுலபத்தில் அறுபடாது. நான்கு குழாய்க்குள் கை கடுத்துவிட்டது. இசக்கிபாண்டி வந்தான். அவனும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு எதிரில் குந்தினான். சற்றுக் கழித்து ராஜசேகரும் வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இருபத்து மூன்றும் தீரும்வரை மூன்று பேரும் வெட்டினார்கள். வெட்டிய துண்டுகளை ராஜசேகர் எண்ணினார், நாற்பத்தாறு. எழிலரசி ஒருமுறை எண்ணினாள். இசக்கிபாண்டியும் எண்ணினான்.

அந்தச் சிவப்பு சுவிட்சை அவர்களில் ஒருவருடைய கைதான் தள்ளியிருக்கிறது. மூவரும் உங்கள் எதிரில் குனிந்து வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் கைகளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். பார்த்தே ஆக வேண்டும் என்றால் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், பெயரை மட்டும் என்னிடம் சொல்ல வேண்டாம்.